பிள்ளைக்குப் போடுறியா, உனக்குப் போட்டுக்கிறியா?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருக்கிறது. இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவில் ஓடுகிற சந்து. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வந்து போனவர்களுக்குத் தெரியும். இங்கே பெரிய வீடு என்றால் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் பக்கச் சுவர் நீளமோ நீளம். எங்கள் சந்துக்கு இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட சுவர்கள். வண்டி வராது. பிள்ளைகள் எந்தப் பக்கம் அடித்தாலும் பந்து சுவரில் பட்டு உள்ளேயே விழும். சாயங்காலம் நாலரைக்கு மேல் மேற்குச் சுவரின் நிழல் சந்து முழுக்க இறங்கிவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை.

இந்தச் சந்தில்தான் என் மகன் மட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் போனான். மூன்று வருஷம் ஆகிறது. அப்போது அவனுக்கு ஐந்து வயது.

அவன் பிறந்தநாளுக்குக் காரைக்குடி போய் ஒரு பேட் வாங்கி வந்திருந்தேன். பள்ளிக்கூடச் சட்டை எடுக்கும்போது வளரும் பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக எடுப்போமே, அந்தக் கணக்கிலேயே இதையும் வாங்கினேன். நிற்க வைத்தால் பிடி அவன் நெஞ்சு வரைக்கும் வந்தது. தூக்கவே இரண்டு கையின் பலமும் போய்விடும். பந்து வரும்போது மட்டை தரையில் இருக்கும். மட்டை எழும்பும்போது பந்து பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கும்.

நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, மெதுவாக, நன்றாக உயரத் தூக்கிப் போட்டேன். மெதுவாகப் போட்டால் பிள்ளைக்குச் சுலபம் என்றுதான் நினைத்தேன். ஐந்தாறு பந்து போனது. “பந்தப் பாருடா” என்றேன். இன்னும் ஐந்தாறு போனது. “பந்தப் பாருன்னு சொல்றேன்ல” என்றேன். அப்புறம் குரல் ஏறிவிட்டது. “கண்ணு எங்கடா இருக்கு ஒனக்கு?” அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அடுத்த பந்தைப் போடக் கையைத் தூக்கும்போது அவன் மட்டையைச் சாத்திவிட்டான்.

நாலு மாதம் அந்த மட்டையை அவன் தொடவில்லை. நான் கூப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்பான்.

திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் அப்பா. தச்சு வேலை செய்தவர். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகளில் ஒட்டுப் போட்டு, நிலை திருத்தி, கீல் மாற்றியே நாற்பது வருஷம் ஓட்டியவர். அன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏப்பா, நீ பிள்ளைக்குப் போடுறியா, ஒனக்குப் போட்டுக்கிறியா?”

எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் வேலை விட்டு வந்து பார்த்தால், எங்கள் வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே அண்ணன் மகள், நாலு வயது. அவள் கையில் தென்னை மட்டை. அப்பா பழைய காலுறைகளைச் சுருட்டி ஒரு பந்து செய்து, அதைத் தரையோடு உருட்டிவிடுகிறார். அவள் தள்ளுகிறாள். அது அவர் மடியிலேயே வந்து விழுகிறது. மறுபடி உருட்டுகிறார். கதவுக்குப் பின்னால் என் மகன் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வர்ணச் சாந்தை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டுக் கையாலேயே வார்ப்பார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியில் வார்ப்பதால்தான் அந்த வழுவழுப்பு. அந்தத் தரையில் உருட்டிய பந்து கோடு போட்டது மாதிரி நேராகப் போகும். வெளியே செம்மண் தரையில் ஒரு சரளைக்கல் போதும், பந்து எங்கேயோ துள்ளிவிடும். நாலு வயசுப் பிள்ளை பந்து வருகிற வழியை மனதுக்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்துத்தான் மட்டையைக் கொண்டுவருகிறது. அந்த வழி நடுவில் மாறினால் அதற்கு ஒன்றும் செய்யத் தெரியாது. அப்பாவிடம் இதைச் சொன்னால், “அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா, தரை நல்லா இருந்துச்சு, உருட்டினேன்” என்பார்.

அன்றிலிருந்து மூன்று வருஷமாகச் சனி, ஞாயிறு சாயங்காலம் அந்தச் சந்தில் தெருப் பிள்ளைகளுக்குப் பந்து போடுகிறேன். எட்டுப் பேர், சில நாள் பத்துப் பேர். நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை. இதில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு பந்து போடுவதைப் பற்றித்தான். அடிப்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்.

முதலில் அந்தத் தூக்கிப் போடும் பந்து. பெரியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. உயரத் தூக்கி மெதுவாகப் போட்டால் பந்து மேலே போய், வளைந்து, தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. பிள்ளை முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும், அப்புறம் குனிந்து பார்க்க வேண்டும், அதற்குள் மட்டையையும் சுழற்ற வேண்டும். இறங்குகிற பந்தின் வழியும் சுழலுகிற மட்டையின் வழியும் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளி தவறினால் காற்றுதான். போதாததற்கு, மிக மெதுவாக வருகிற ஒன்று எப்போது வந்து சேரும் என்று கணக்குப் போடுவது சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். பொறுக்க முடியாமல் முன்னாலேயே வீசிவிடுவார்கள். எட்டடி தூரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, அண்டர்ஆர்மாக, கையைத் தோளுக்குக் கீழேயே வீசி, வளையாமல் நேராக, கொஞ்சம் விறுவிறுப்பாகவே போட்டுப் பாருங்கள். பத்தில் இரண்டு அடித்த பிள்ளை பத்தில் ஆறு அடிக்கும். முட்டி போடுவது முக்கியம். நின்றுகொண்டு போட்டால் நம் கையே அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே இருக்கிறது.

அதற்கும் முன்னால் அசையாத பந்து. செங்கல் இரண்டை அடுக்கி, மேலே துணியைச் சும்மாடு மாதிரிச் சுற்றி வைத்து, அதன் மேல் பந்தை வைப்பேன். தேங்காய்ச் சிரட்டையிலும் வைக்கலாம். ஆனால் சிரட்டையும் சேர்ந்து பறக்கும், பிள்ளைகள் அப்புறம் பந்தை விட்டுவிட்டுச் சிரட்டையையே அடிக்கப் பார்ப்பார்கள். அசையாத பந்தை அடிப்பதில் என்ன இருக்கிறது என்று ஒரு தகப்பனார் கேட்டார். மட்டையின் நடுவில் பந்து படும்போது கையில் ஒரு சுகம் தெரியும். முதல் நாளே அந்தச் சுகம் கையில் ஏறிவிட வேண்டும் என்பது என் எண்ணம். அது தெரிந்த பிள்ளை மறுநாள் தானாக வரும்.

இன்னொன்று வேப்ப மரத்தில் தொங்கவிடும் பந்து. காலுறைக்குள் பந்தைப் போட்டு முடிந்து, கயிற்றில் கட்டி, பிள்ளையின் முழங்கால் உயரத்துக்குத் தொங்கவிட வேண்டும். இந்த ஊரில் மூன்று தலைமுறையாகப் பையன்கள் செய்வதுதான். அடித்த பந்து அதுவாகவே திரும்பி வருகிறது, யாரும் போய்ப் பொறுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயம், அடித்ததும் அது வட்டமாகச் சுற்றும். நேராக ஆடத் தொடங்கும் வரை காத்திரு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் டான் பிராட்மன் சின்ன வயதில் பௌரல் ஊரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கியிருந்த செங்கல் மேடையில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்ப்பால் அடித்துக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பின்னால் டெஸ்ட் போட்டிகளில் அவர் எடுத்த ஓட்டச் சராசரி 99.94. எங்கள் தெருவில் இந்தக் கதையைப் பெற்றோர்கள் பிள்ளைகளிடம் சொல்வது, பார், எவ்வளவு கஷ்டப்பட்டுப் பயிற்சி எடுத்தார் என்பதற்காக. எனக்கு அந்தக் கதையில் கஷ்டம் தெரியவில்லை. ஒரு பையன் தனியாக, யாரும் முகத்தைப் பார்த்துத் திட்டாமல், சுவரும் பந்துமாக விளையாடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அது பிடித்திருந்தது. எங்கள் சந்துச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றுகிறது.

மட்டை விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா அன்று பிள்ளையிடம் கொடுத்திருந்த தென்னை மட்டை சும்மா எடுத்துக் கொடுத்தது அல்ல. காய்ந்து விழுந்த மட்டையில் மரத்தோடு ஒட்டியிருந்த அடிப்பாகம் அகலமாக இருக்கும், போகப் போகக் குறுகும். அகலமான பக்கம் அடிக்க, குறுகின பக்கம் பிடிக்க. ஒரு முகம் கிட்டத்தட்டத் தட்டை, முதுகுப் பக்கம் புடைப்பு. கடையில் விற்கும் பேட்டும் அதே வடிவம்தான். அரிவாளால் நாலு சீவு சீவி, பிடிக்குப் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி மாட்டிவிட்டால் சரி. பனை மட்டையும் இந்தப் பக்கம் நிறையக் கிடைக்கும். ஆனால் இரண்டு ஓரத்திலும் கருக்கு ரம்பம் மாதிரி இருக்கும், அதை ஒட்டச் சீவாமல் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. காய்ந்த தென்னை மட்டையில் கனமே இல்லை. நாலு வயசுப் பிள்ளை அதை ஒற்றைக் கையாலேயே சுழற்றும். தமிழில் பேட்டுக்கு மட்டை என்று பெயர் வந்தது எனக்கு எப்போதுமே பிடித்த விஷயம்.

கடையில் வாங்குவதாக இருந்தால், பிள்ளையை நேராக நிற்கவைத்து மட்டையைக் காலோரம் நிறுத்திப் பாருங்கள். பிடியின் நுனி இடுப்பெலும்புக்கு மேலே போகக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கான 1-ஆம் எண் பேட் ஏறக்குறைய 25 அங்குலம் இருக்கும், அதுவே பல பிள்ளைகளுக்குப் பெரிது. வளர்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

அப்பா இன்னொரு வேலையும் செய்தார். பெட்டிப் பலகையை எடுத்து, இழைப்புளி போட்டு இழைத்து, ஆறு அங்குல அகலத்தில் ஒரு மட்டை செய்தார். சப்பாத்திக் கட்டைக்குக் கைப்பிடி வைத்தது மாதிரி இருக்கும். அதைப் பார்த்த ஒரு கல்லூரிப் பையன், “அண்ணே, இது ரூல்ஸ்படி செல்லாதுண்ணே” என்றான். உண்மைதான். கிரிக்கெட் சட்டப்படி மட்டை 4.25 அங்குலத்துக்கு மேல் அகலம் இருக்கக் கூடாது. அந்தச் சட்டம் வந்த கதை சுவையானது. 1771 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஹாம்பிள்டன் அணிக்கு எதிராக ஆட வந்த ஒருவர், ஸ்டம்ப்புகளையே மறைக்கிற அகலத்தில் ஒரு மட்டையைக் கொண்டுவந்து நின்றுவிட்டார். ஹாம்பிள்டன்காரர்கள் கொதித்துப்போய் 4.25 அங்குலம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1774-இல் அது விதியாகவே ஆகிவிட்டது. வளர்ந்த ஆள் ஒருவரைத் தடுக்க வந்த விதி அது. நாலு வயசுப் பிள்ளை அந்த அளவுக்குள் ஏன் அடங்க வேண்டும்? அகல மட்டையில் பந்து படுகிறது. பட்டால் சிரிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களே அதை வைத்துவிட்டுச் சின்ன மட்டையை எடுக்கிறார்கள்.

மட்டையைப் பிடிப்பது எப்படி என்று நான் அதிகம் சொல்வதில்லை. மட்டையைக் குப்புறப் படுக்கவைத்து, பிடி அவர்கள் பக்கம் இருக்கும்படி வைத்து, “மண்வெட்டியைத் தூக்குற மாதிரித் தூக்கு, ஆனா ரெண்டு கையும் ஒட்டியே இருக்கணும்” என்பேன். கண்மாய்க் கரையில் மண்வெட்டி பிடிப்பதை இங்கே எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். அதோடு சரி.

ஆனால் எந்தக் கை மேலே என்பதில் ஒரு சண்டை உண்டு. ஒரு பையன் இடது பக்கமாக நின்றான். அவன் அப்பத்தா வந்து, “பீச்சாங்கைப் பழக்கம் வேணாம்ப்பா, மாத்தி விடு” என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். எழுதுகிற கை வேறு, மட்டை பிடிக்கிற பக்கம் வேறு. நம் வாஷிங்டன் சுந்தர் பந்து போடுவது வலது கையில், மட்டை பிடிப்பது இடது பக்கம். சச்சின் எழுதுவது இடது கையில், ஆடியது வலது பக்கம். பிள்ளை எந்தப் பக்கம் தானாக நிற்கிறதோ அதுதான் அதன் பக்கம். “சரி, நீ சொன்னா இருக்கும்” என்று அப்பத்தா போய்விட்டார்கள். அவன் இன்னும் இடது பக்கம்தான் நிற்கிறான்.

“பந்தப் பாரு” என்று நான் இப்போது சொல்வதே இல்லை. சொல்லிப் பயனில்லை. பிள்ளை பந்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும், நம் கையை விட்டுப் பந்து கிளம்பும் வரைக்கும். கிளம்பியதும் மட்டையைப் பார்க்கும், அல்லது திட்டு வருமோ என்று நம் முகத்தைப் பார்க்கும். அதனால் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பந்தில் பெரிதாக ‘அ’ எழுதினேன், ஒன்றில் ‘ஆ’. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒன்றை எடுத்து உருட்டுவேன். அடிக்க வேண்டாம், என்ன எழுத்து என்று மட்டும் சொல்லு. அண்ணன் மகள் முகத்தை அப்போது பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். புருவம் சுருங்கும். பந்து உருண்டு வரவர அவள் மூக்கு நுனியும் கூடவே கீழே இறங்கும். மட்டை கையில் இருப்பதையே மறந்துபோயிருப்பாள். காலடிக்கு வந்ததும் “ஆவன்னா!” என்று கத்துவாள். நாலாவது பந்தில் “ஆவன்னா” என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். நான் அடிக்கச் சொல்லவில்லை. அந்தப் பந்து என் முட்டிக்குப் பக்கத்தில் நேராகப் போனது.

பின்னால் சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு என்பதால் வெளிறிய டென்னிஸ் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். “செகப்புப் பந்து போடுங்க சித்தப்பா.” பெரியவன் எனக்கு அது தோன்றவில்லை.

பந்து பழசாக இருக்க வேண்டும். டென்னிஸ் விதிப்படி 100 அங்குல உயரத்திலிருந்து போட்டால் புதுப் பந்து 53-இலிருந்து 58 அங்குலம் வரை எழும்ப வேண்டும். சந்துச் சிமெண்டில் அப்படி எழும்பினால் பிள்ளையின் மூக்குக்கு நேரே வரும். தேய்ந்து, காற்று இறங்கின பந்துதான் இடுப்போடு நிற்கும். கிரிக்கெட் பந்தை, ஆண்கள் ஆட்டத்தில் 156 கிராமுக்குக் குறையாத அந்தக் கட்டிப் பந்தை, இந்த வயதில் கண்ணிலேயே காட்ட வேண்டாம். ஒரு தடவை பயந்தால் கண்ணை மூடுவது பழக்கமாகிவிடும். பயந்த பிள்ளைக்கு ஒரு வாரம் பலூன்தான் போடுவேன்.

போன வருஷக் கோடை விடுமுறையில் அண்ணன் மகளை ஒரு பயிற்சி முகாமில் சேர்த்தோம். பணம் கட்டி, வெள்ளை உடை தைத்து. ஒரு நாள் சாயங்காலம் முழுக்க வெளியே உட்கார்ந்து எண்ணினேன். ஒன்றரை மணி நேரத்தில் அவளுக்கு வந்த பந்து ஏழு. மிச்ச நேரம் முழுக்க வெயிலில் வரிசையில் நின்றாள். அதிலும் அவளுக்கு முன்னால் இரண்டு பையன்களை விட்டார்கள், பொம்பளைப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும் என்று. எனக்கு ரொம்ப வலித்தது. உலகக் கோப்பையில் இந்தியாவுக்காகச் சதம் அடித்த முதல் பெண் தமிழ்நாட்டுக்காரர், திருஷ் காமினி, 2013-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. அவருக்கும் யாரோ ஒருவர் நாலு வயதில், ஐந்து வயதில் பந்து போட்டிருப்பார்கள் அல்லவா? எங்கள் சந்தில் கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஐம்பது பந்து போடுகிறேன். மற்றவர்கள் பொறுக்கிக் கொடுப்பார்கள், அப்புறம் மாறிக்கொள்வார்கள். கால் மணிக்கு மேல் வேண்டாம். கொட்டாவி வந்தால் முடிந்தது.

என் மகன் எப்போது திரும்பி வந்தான் என்று தேதி சொல்ல முடியாது. அவன் ஐயா, அதாவது என் அப்பா, உருட்டுகிற பந்தைப் பொறுக்கிக் கொடுக்க வந்தான். அப்புறம் தங்கச்சிக்கு உருட்டினான். ஒரு நாள் அவளிடம் தென்னை மட்டையைக் கேட்டு வாங்கினான். நான் அன்று முட்டி போட்டு, வாயை மூடிக்கொண்டு பந்து போட்டேன். தப்பினால் அடுத்த பந்து, பட்டால் அடுத்த பந்து. இப்போது அவனுக்கு எட்டு வயது.

சந்தின் கிழக்குப் பக்கத்து வீடு பூட்டியே கிடக்கும். காவலுக்கு இருப்பவர் ராத்திரிதான் வருவார். பிள்ளைகளுக்குக் கை ஏறிய பிறகு, சுவரைத் தாண்டிப் பந்து முற்றத்துக்குள் விழத் தொடங்கியது. விழுந்தால் விழுந்ததுதான். இந்தத் தை மாதம் அங்கே கல்யாணம் என்று வீட்டைத் திறந்தார்கள். சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்து, கோலம் போட்டு, விளக்கெல்லாம் துலக்கி, தெருவே மாறிப்போனது. அந்த வீட்டு ஆச்சி ஒரு மஞ்சப்பையோடு சந்துக்கு வந்தார்கள். “யாருப்பா இம்புட்டுப் பந்தையும் அடிச்சது?”

“நாங்கதான் ஆச்சி” என்று எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

பைக்குள் பதினாலு பந்து. இரண்டு வருஷ வெயிலும் மழையும் பட்டு நிறமே போயிருந்தது. ஒன்றில் ‘அ’ இன்னும் லேசாகத் தெரிந்தது. என் மகன் ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்தான். தரையில் போட்டு எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தான். நன்றாக எழும்பிய மூன்றைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். மற்றதையெல்லாம் பைக்குள்ளேயே போட்டு, மூன்றாவது வீட்டு நாலு வயசுப் பையனைக் கூப்பிட்டான். பையைச் சுவரோரம் வைத்தான். எட்டடி தள்ளிப் போய் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

“இது ஒனக்குடா. மெதுவா எழும்பும். எடு மட்டைய.”